படிவத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்: வன்னியில் தொழில் தொடங்குவோருக்கு ஒரு மானிடவியல் வழிகாட்டி

இலங்கையின் வடக்கே வன்னி என்கிற கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது கடனைப் பற்றி. அடுத்தது மெசினைப் பற்றி. வாங்கப்போகிற சனத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பயிற்சிப் பட்டறைகளிலும் "சந்தை ஆய்வு" என்று ஒரு படிவத்தைக் கையில் தந்து, ஐம்பது வீட்டில் நிரப்பி வரச் சொல்வதோடு அந்தப் பாடம் முடிந்துவிடுகிறது.

அந்தப் படிவம் வன்னியில் வேலை செய்யாது. ஏன் என்பதை நான்காம் படியில் சொல்கிறேன். அதற்குப் பதிலாக நான் பிடித்துக்கொண்டது பண்பாட்டு மானிடவியலின் அடிப்படை முறையை: ஆட்களோடு கூட இருந்து, அவர்கள் செய்வதைச் செய்து, பார்த்ததை எழுதி, அதிலிருந்து பொருளை யோசிப்பது. பெரிய நிறுவனங்களுக்கு இது புதிதல்ல. கலிபோர்னியாவில் சேரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் 1980களில் வேலை செய்த லூசி சச்மன் என்ற மானிடவியலாளர், ஒளிநகல் இயந்திரத்தோடு ஆட்கள் மல்லுக்கட்டுவதை வீடியோ எடுத்துப் பார்த்தார். கணினி படித்தவர்களே திணறினார்கள். இயந்திரம் ஒரு ஒழுங்கை எதிர்பார்த்தது, மனிதர்கள் அந்தந்த நேரத்துக்கு ஏற்றபடி நடந்தார்கள். 1998இல் இன்டெல் நிறுவனமும் ஜெனிவீவ் பெல் என்ற மானிடவியலாளரை வேலைக்கு எடுத்தது. அவர்களிடம் இருந்த பணம் நம்மிடம் இல்லை. ஆனால் இந்த முறைக்குத் தேவையானது ஒரு கொப்பி, ஒரு சைக்கிள், பொறுமை. மற்றதெல்லாம் ஒழுங்கு, அனுமதி, காலம் பற்றிய விசயங்கள். அவற்றில்தான் நான் அலைந்தேன், நீங்கள் அலைய வேண்டாம்.

என் உதாரணம் முழுவதும் கச்சான், அதாவது நிலக்கடலை. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்தில் கச்சான் உடைக்கும் மெசின் ஒன்று போடலாமா என்ற யோசனையில்தான் இது தொடங்கியது.

1. பொருளை எழுதாதீர்கள், வேலையை எழுதுங்கள்

கொப்பியின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். "கச்சான் உடைக்கும் மெசின் இங்கே ஓடுமா?" என்று எழுதினால், ஓம் அல்லது இல்லை என்பதைத் தவிர உங்களுக்கு வேறொன்றும் கிடைக்காது. "தோட்டத்தில் பிடுங்கியதிலிருந்து வியாபாரியின் லொறியில் ஏறும்வரை கச்சான் யார் யார் கையால் போகிறது, எங்கே தேங்கி நிற்கிறது?" என்று எழுதுங்கள். பால் விற்க நினைப்பவர் கறவையிலிருந்து தேத்தண்ணி வரை பார்க்கட்டும். தையல் கடை போட நினைப்பவர் ஒரு வீட்டில் துணி வாங்குவதிலிருந்து பழைய துணி கிழிந்து துடைதுணியாவது வரை பார்க்கட்டும்.

ஊரை அகலமாக எடுக்க வேண்டாம். ஒரு குறிச்சி, அதில் ஐந்தாறு வீடு, ஒரு பெட்டிக்கடை, ஒரு வாங்குகிற வியாபாரி போதும். மானிடவியலில் ஆட்களின் எண்ணிக்கையைவிட ஒரே ஆட்களோடு எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதுதான் கணக்கு.

2. நாட்காட்டியைப் பார்த்துக் காலத்தைக் குறியுங்கள்

வன்னியின் வருமானம் மழையோடு ஓடுகிறது. காலபோகம் என்கிற மாரிகால நெல் விதைப்பு புரட்டாதி முடிவிலும் ஐப்பசியிலும் தொடங்கி, அறுவடை தை, மாசி, பங்குனி என்று போகும். குளத்துத் தண்ணீர் கிடைக்கிற இடங்களில் சித்திரைக்குப் பிறகு சிறுபோகம். மேட்டு நிலத்துக் கச்சானும் பெரும்பாலும் மாரி மழையை நம்பித்தான் போடப்படுகிறது.

ஆகவே ஒரே வீட்டை இரண்டு காலத்தில் பாருங்கள்: காசு கையில் இருக்கும் அறுவடைக்குப் பிந்திய வாரங்களில் ஒருமுறை, கை வறண்டு, அடைவு வைத்து உரம் வாங்குகிற ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை. பங்குனியில் மட்டும் பார்த்தவர் ஒரு கிலோப் பைக்கற் போடுவார். கார்த்திகையில் பார்த்தவருக்குத்தான் அதே அம்மா ஐம்பது கிராம் தேயிலையை எண்ணி எண்ணி வாங்குவது தெரியும்.

போகக்கூடாத நாட்களும் உண்டு. மே நடுப்பகுதியிலும் கார்த்திகைக் கடைசி வாரத்திலும் வீடுகள் போரில் இழந்தவர்களின் நினைவோடு இருக்கும். அந்த நாட்களில் வியாபாரக் கேள்வியோடு படலையைத் திறக்காதீர்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் மடுத் திருவிழா என்று ஊரே கிளம்பும் நாட்களில் வீட்டில் ஆள் இருக்காது. ஆனால் உணவுப் பொருள், விளையாட்டுச் சாமான் யோசிப்பவர்களுக்கு அந்தத் திருவிழாக் கடைவீதியைவிட நல்ல இடம் கிடையாது. யார் எதைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டுவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள் என்று ஒரு பின்னேரம் நின்று பாருங்கள்.

3. கடிதங்களும் அனுமதியும்

சட்டப்படி தேவையோ இல்லையோ, முன்பின் தெரியாத ஒருவர் கொப்பியோடு ஊருக்குள் திரிந்தால் இங்கே கேள்வி வரும். யார் அனுப்பினது, எதற்குப் பதிகிறீர்கள் என்று ஊரும் கேட்கும், மற்றவர்களும் கேட்பார்கள். ஆகவே இவற்றை முதலிலேயே ஒரு கோப்பில் வையுங்கள்:

உங்களை அறிமுகப்படுத்தும் ஒரு பக்கக் கடிதம், தமிழில். பெயர், ஊர், என்ன தொழில் யோசனை, என்ன பார்க்கப்போகிறீர்கள், எவ்வளவு காலம். "இது எந்த உதவித் திட்டத்துக்கும் பதிவு அல்ல" என்ற வரி தடித்த எழுத்தில் இருக்கட்டும். அடையாள அட்டைப் பிரதி. மாணவராக இருந்தால் பல்கலைக்கழகக் கடிதம்.

கடிதத்தின் பிரதியைக் கிராம அலுவலரிடம் கொடுத்து, இன்னொரு பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாட்களை அறிவித்தல் பலகையில் பார்த்துவிட்டுப் போங்கள். பிறகு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி, கமக்காரர் அமைப்பு, கடற்கரை ஊரானால் மீனவர் கூட்டுறவுச் சங்கம். ஒரு சங்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் மற்றச் சங்கத்து வீடுகள் உங்களுக்கு மூடிவிடும். கோயில் பரிபாலன சபையையும் விட்டுவிடாதீர்கள்.

இந்த வேலைக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஓர் அலுவலகத்தில் என்னை இன்னோர் அலுவலகத்துக்கும், அங்கிருந்து திரும்ப இங்கேயும் அனுப்பினார்கள். கேட்டது எழுத்தில் இல்லாததால் ஒவ்வொருவரும் வாயால் ஒன்றைச் சொன்னார்கள். எதையும் எழுத்தில் கொடுங்கள், பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். பின்னால் உங்களை வழியில் மறிக்கும்போதும் அந்தப் பிரதி உதவும்.

4. படலையில் முதல் பத்து நிமிடம்

மிகவும் முக்கியமான படி இது.

போர் முடிந்த 2009க்குப் பிறகு வன்னி வீடுகளுக்கு எத்தனையோ படிவங்கள் வந்துபோயின. குடும்பத்தில் எத்தனை பேர், கூரை என்ன, கிணறு உண்டா, வருமானம் எவ்வளவு. சில படிவங்களுக்குப் பிறகு வீடு வந்தது, கோழி வந்தது, தையல் மெசின் வந்தது. பலவற்றுக்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. இதிலிருந்து சனம் நியாயமாகவே ஒரு பாடம் படித்திருக்கிறது: படிவம் வந்தால் வருமானத்தைக் குறைத்துச் சொல், தேவையைக் கூட்டிச் சொல், எது தருவதென்றாலும் ஓம் சொல். "மெசின் வந்தால் நல்லதோ அக்கா?" என்று கேட்டால், "ஓம் பிள்ளை, நல்லதுதானே, வந்தால் எடுப்பம்" என்பார். அது மரியாதை. அதை விற்பனை என்று கணக்கில் எழுதாதீர்கள். ஐம்பது படிவத்திலும் ஐம்பது ஓம் வரும்.

இரண்டாவது பொறி, நுண்கடன். வாரக் கடன் வசூலிக்க மோட்டார் சைக்கிளில், தோளில் பையோடு, கையில் கொப்பியோடு வருகிறவர்களை இந்த ஊர்ப் பெண்கள் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறார்கள். நீங்களும் அதே கோலத்தில் போனால் வீட்டில் அம்மா இல்லை என்று பிள்ளை வந்து சொல்லும். சைக்கிளில் போங்கள். பையைக் குறையுங்கள். அந்தக் குறிச்சியில் கடன் கட்டும் நாள் எது என்று பெட்டிக்கடையில் கேட்டு, அந்த நாளைத் தவிருங்கள்.

மூன்றாவது, கையொப்பம். ஆய்வு நூல்களில் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கச் சொல்வார்கள். பிணைக் கையெழுத்துப் போட்டு அடுத்தவர் கடனைச் சுமந்த ஊரில் அது பயத்தைத்தான் கொடுக்கும். கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள், வாய்ச் சம்மதம் போதும், அதை உங்கள் கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்பதையும் சொல்லுங்கள். சம்மதம் இல்லாமல் படம் வேண்டாம், குரல்பதிவும் வேண்டாம். பெயருக்குப் பதில் வீட்டுக்கு ஓர் எழுத்து வையுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. அதைவிடப் பெரியது, இந்த ஊர்களில் தகவல் வெளியே போனதால் பட்ட பாடு.

போர்க்காலம், காணாமல் போனவர்கள், கணவர் எங்கே என்பவற்றை நீங்களாகக் கேட்கவே கூடாது. அவர்களாகச் சொன்னால் பேனையை வைத்துவிட்டுக் கேளுங்கள். அது உங்கள் தொழிலுக்கான தகவல் அல்ல.

அப்படியானால் என்னதான் சொல்வது? உண்மையை. "அம்மா, நான் ஒன்றும் தர வரவில்லை. கச்சான் தொழில் ஒன்று செய்ய யோசிக்கிறன். நீங்கள் செய்யிற வேலையைப் பழக வந்தனான், பக்கத்தில இருந்து உடைக்கட்டோ?" பழக வந்தவருக்கு வன்னியில் பாய் விரிப்பார்கள்.

5. கூட இருந்து வேலை செய்யுங்கள்

முதல் நாட்களில் கேள்வி வேண்டாம். கையை வேலையில் வையுங்கள்.

நான் போன வீட்டில், மாமர நிழலில் படங்கு விரித்துக் கச்சான் குவிந்திருக்கும். சுற்றிப் பெண்கள், மடியில் சுளகு. கிலோக் கணக்குக்குக் கூலி. தூரத்திலிருந்து பார்த்தால் கை வலிக்கிற, மெதுவான, மெசினால் சட்டென்று முடிகிற வேலை. பக்கத்தில் இருந்து பார்த்தால் வேறு. கோது நசிகிற அந்தக் கணத்திலேயே பருப்பு மூன்றாகப் பிரிகிறது. முழுசாய், தோல் கிழியாமல் வந்தது சுளகின் ஒரு பக்கம்: அது விதைக்கு. சின்னது, சுருங்கினது கடகத்துக்கு: அது கடைக்கு. உடைந்தது பக்கத்துக் கிண்ணத்துக்கு: அது வீட்டுச் சமையலுக்கும் பிள்ளைகளின் வாய்க்கும். பூஞ்சணம் பிடித்தது தனியே மண்ணில் விழுகிறது. இவ்வளவும் நிமிராமல், கதைத்துக்கொண்டே.

மெசினில் உடைத்தால் தோலும் முளையும் அடிபடும், விதைக் கச்சானை அதனால்தான் கையால் உடைக்கிறார்கள். உடைந்த பருப்பும் மெசின்காரனிடம் போய்விடும், அதாவது அந்தக் கிண்ணம் இல்லாமல் போய்விடும். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு வளவைவிட்டு வெளியே போகாமல் செய்யக்கூடிய கூலி வேலையும் போய்விடும். இதில் ஒன்றைக்கூட எந்தப் படிவமும் எனக்குச் சொல்லியிருக்காது. "மெசின் வேணுமோ" என்ற கேள்விக்கு இதே பெண்கள்தான் ஓம் சொல்வார்கள்.

சனம் தாங்களே செய்து வைத்திருக்கும் ஒட்டுவேலைகளைத் தேடுங்கள். புதிய பொருளுக்கான இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஓர் அக்கா பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு வளையம் வெட்டிப் பெருவிரலில் போட்டிருந்தார், நகக்கண் வெடிக்காமல் இருக்க. பக்கத்தில் இருந்தவர் துணி சுற்றியிருந்தார். இன்னொருவர் ஒன்றும் இல்லாமல், இடையிடையே விரலை வாயில் வைத்தார். அந்த ரப்பர் வளையத்தைத்தான் என் கொப்பியில் பெரிதாக வரைந்தேன்.

கேள்வி கேட்கத் தொடங்கும்போது "செய்வீர்களா", "வாங்குவீர்களா" என்று கேட்காதீர்கள். நடந்ததைக் கேளுங்கள். "கடைசியாக எப்ப வாங்கினனீங்கள்? காசு யார் தந்தது? அண்டைக்கு ஏன் அந்தக் கடை? கொப்பியில எழுதினதோ, கைக்காசோ?" வீட்டில் காசு யார் கையில் இருக்கிறது, எதை வாங்க யாரைக் கேட்க வேண்டும் என்பது இதில் தானாக வெளியே வரும். சீட்டு, கைமாத்து, கடைக் கொப்பி, அடைவு: இந்த நாலும் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் வன்னியில் விலை வைக்க முடியாது.

6. அன்றிரவே எழுதுங்கள்

வேலை இடத்தில் ஒன்றிரண்டு சொல் மட்டும் குறித்துக்கொண்டு, இரவு விரிவாக எழுதுங்கள். ஒரு மணிநேரம் இருந்ததை எழுத இரண்டு மூன்று மணிநேரம் பிடிக்கும், அதைக் கணக்கில் வைத்து நாளுக்கு ஓர் இடம் மட்டும் போங்கள். பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, அவர்கள் சொன்ன சொல்லிலேயே. வலப்பக்கம் உங்கள் ஊகம். இரண்டும் கலந்தால் ஒரு மாதத்தில் எது பார்த்தது, எது நினைத்தது என்று உங்களுக்கே தெரியாது.

7. கொப்பியிலிருந்து பொருளுக்கு

ஆறு வாரத்துக்குப் பிறகு கொப்பியை முழுவதும் வாசியுங்கள். சொன்னதும் செய்ததும் முரண்படுகிற இடங்களைச் சிவப்பால் குறியுங்கள். திரும்பத் திரும்ப வருகிற தடைகளை நீலத்தால். என் கொப்பியில் நீலம் விழுந்தது உடைப்பதில் இல்லை. காயாத கச்சானை மழைக்குப் பயந்து அள்ளிக் கட்டிவிடுவதில், அதனால் வருகிற பூஞ்சணத்தில், தரம் பிரிக்கவில்லை என்று வியாபாரி விலை குறைப்பதில், விரலில். கச்சான் பூஞ்சணத்தில் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், அது ஈரலைக் கெடுக்கும். அதனால் இது விலைப் பிரச்சினை மட்டுமல்ல.

மெசின் யோசனை அதோடு முடிந்தது. அதற்குப் பதில் மூன்று அளவுக் கண்ணுள்ள அரிதட்டு, விரல் கவசம், அறுவடை வாரங்களில் படங்கு வாடகை. மூன்றுக்குமான முதல், மெசினுக்குக் கேட்ட கடனில் சிறு பங்கு.

முடிவை அந்த வீடுகளுக்கே கொண்டுபோய்ச் சொல்லுங்கள். "இது சரியோ?" என்று கேட்டால் பிழைகளைத் திருத்துவார்கள். அரிதட்டின் சட்டம் பாரமாக இருக்கிறது, இருந்தபடி ஆட்ட முடியாது என்று சொன்னது அவர்கள்தான். விரல் கவசம் அந்த அக்காவின் யோசனை. அதை எடுத்தால் அவருக்கு உரியதைக் கொடுக்க வேண்டும். எவ்வளவு, எப்போது என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

8. சின்னதாய்ச் செய்து, காசுக்கு விற்றுப் பாருங்கள்

பத்துப் பன்னிரண்டு மட்டும் செய்யுங்கள். இலவசமாகக் கொடுக்காதீர்கள், இலவசமென்றால் எல்லோரும் வாங்குவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. குறைந்த விலையானாலும் விலை. தவணையில் கேட்டால், வாரத்துக்கு எவ்வளவு என்று அவர்களே சொல்லட்டும். இரண்டு வாரம் கழித்துப் போய், பொருள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வேலை இடத்தில் கிடந்தால் நல்லது. அலுமாரிக்கு மேலே இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

வடிவமைப்பு உதவிக்குப் பிரதேச செயலகங்களோடு இயங்கும், தொழில்நுட்ப உதவி தரும் விதாதா நிலையங்களையும் கைத்தொழில் அபிவிருத்திச் சபையையும் கேளுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. பனம்பொருள் என்றால் யாழ்ப்பாணம் கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம்.

9. செலவு

கொப்பி, பேனை, பிரதிகள், பஸ், தொலைபேசி எல்லாம் சேர்ந்து இருபதினாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மாதிரிப் பொருளுக்குத் தனியாக ஒதுக்குங்கள். பெரிய செலவு உங்கள் சொந்தக் கூலி: இரண்டு காலத்தையும் சேர்த்தால் இரண்டு மூன்று மாதம் அரைநேரமாவது இதற்குப் போகும், அந்தக் காலத்துச் சாப்பாட்டுக்கு வழி பார்த்துவிட்டு இறங்குங்கள். கடன் எடுத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள், வாரக் கட்டணம் வந்து நின்றால் பொறுமை போய்விடும்.

வீடுகளுக்குக் காசு கொடுப்பதா? கூலி வேலை செய்கிறவரின் நேரத்தை எடுத்தால் அந்த நேரக் கூலியைக் கொடுங்கள். நீங்கள் உடைத்த கச்சானை அவர் கணக்கில் சேர்த்தால் அதுவும் சரி. சும்மா போய் இருக்கிற வீட்டுக்குச் சீனி, தேயிலை, பிள்ளைக்கு ஒரு பிஸ்கற்.

10. பதிவும் உரிமமும்

விற்கும் என்று தெரிந்த பிறகு மட்டும் இதற்குப் போங்கள்.

வணிகப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில். விண்ணப்பம், அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், தொழில் நடக்கும் இடத்துக்கான ஆதாரம் தேவை. கடைசியில் சொன்னதில்தான் வன்னியில் பலர் சிக்குவது. காணிக்கு உறுதி இருக்காது, அனுமதிப்பத்திரம் இருக்கும், அதுவும் அப்புவின் பெயரில். உரியவரின் சம்மதக் கடிதமோ வாடகை ஒப்பந்தமோ ஏற்றுக்கொள்வார்களா என்று விண்ணப்பம் எடுக்கும் நாளிலேயே கேளுங்கள். உரியவர் இறந்திருந்தால் பெயர் மாற்றத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் உறவினர் ஒருவரின் ஆதாரமுள்ள இடத்தைப் பார்ப்பது நல்லது.

வியாபார உரிமம் பிரதேச சபையில்: கரைச்சி, புதுக்குடியிருப்பு, கரைதுறைப்பற்று என்று எந்தச் சபை எல்லையில் கடை இருக்கிறதோ அங்கே. கட்டணம் சபைக்குச் சபை, தொழிலுக்குத் தொழில் வேறுபடும். சத்தம், புகை, கழிவுநீர் வருகிற வேலையானால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் வேண்டுமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

வறுத்த கச்சான், அல்வா, ஒடியல் மா என்று உணவு செய்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இடத்தைப் பார்ப்பார். கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் இடையிலான தூரம், தரை, கூரை, வேலை செய்பவரின் மருத்துவச் சான்று எல்லாம் பார்ப்பார். இடத்தைக் கட்டிய பிறகு கூப்பிடாதீர்கள், கட்டுமுன் கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பைக்கற்றில் பொருளின் பெயரை மூன்று மொழியிலும் போடத் திட்டமிடுங்கள். அச்சடிக்குமுன் மாதிரியை அவரிடம் காட்டுங்கள்.

உரிமம் ஆண்டுக் கணக்குக்கு, டிசம்பர் 31உடன் முடியும். கார்த்திகையில் எடுத்தால் முழுக் கட்டணமும் ஒன்றரை மாதத்துக்குப் போய்விடும். பதிவை வருடக் கடைசியில் முடித்துவைத்து, உரிமத்தை ஜனவரி முதல் வாரத்தில் எடுங்கள். கச்சான் பிடுங்கத் தொடங்குவதும் அந்தக் காலத்தில்தான்.